திருத்தினேன், திருடவில்லை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு, டார்ச் விளக்கை வாயில் கவ்வியபடி எழுதும் கடிதம். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், நான் இன்னும் கைதாகாமல் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், ஜாமீன் கிடைத்திருந்தால் உங்கள் கட்சிக்காரர்களின் சுகத்தையும் அறிய ஆவல். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும், கட்டிலின் சட்டம் பின்மண்டையில் இடிக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்க வேண்டாம். இருக்காது. எனக்கு இருக்கும் வியாதியே அதுதான், இந்தக் கடிதமும் அதைப் பற்றியதுதான்.

நீங்கள் அனுப்பிய சட்டக் கல்லூரி விண்ணப்பம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. "பூர்த்தி செய்து எனக்கே அனுப்பு, நான் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். நாளைக் காலைத் தபாலில் சேர்த்தால்தான் கடைசித் தேதிக்குள் உங்கள் கைக்கு வரும். பதின்மூன்று கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதிவிட்டேன். பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளம் என்று எல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டே வந்துவிட்டு, பதினான்காவது கேள்வியில் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். "விண்ணப்பதாரர் எப்போதாவது காவல் நிலையத்தில் எச்சரிக்கப்பட்டதுண்டா? ஆம் / இல்லை. ஆம் எனில் விவரம் எழுதி, அதன் கீழ் பெற்றோர் கையொப்பமிட வேண்டும்." அதற்கும் கீழே கொசு அளவு எழுத்தில் இரண்டு வரி. "உண்மையை மறைத்தால் படிப்பு முடிந்த பிறகும் சேர்க்கை ரத்து செய்யப்படும். அடித்தல் திருத்தல் உள்ள விண்ணப்பங்கள் ஏற்கப்பட மாட்டா."

அத்தை, பதில் ஆம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைசித் தடவை திருட்டு. தயவுசெய்து கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள், நான் திருடவில்லை. சொல்கிறேன்.

உங்கள் அண்ணனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பெயர்ப்பலகை எழுதினால் எழுத்து எழுந்து நின்று நம்மைக் கும்பிடும். நிழல் வைத்து எழுதினால் அந்த நிழலில் நாய் வந்து படுக்கும். அழகில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்த எழுத்து என்பதில்தான் தகராறு. ல, ள, ழ மூன்றும் அவருக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள், யார் கையில் அகப்படுகிறார்களோ அவரை வேலைக்கு அனுப்பிவிடுவார். ர, ற சங்கதியும் அப்படித்தான். குறில், நெடில் என்றால் என்ன விலை என்று கேட்பார். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இருபது வருஷமா எழுதறேன். என் எழுத்துல இதுவரைக்கும் ஒருத்தன் ஒரு குத்தம் சொல்லியிருக்கானா?" என்று கேட்பார். அம்மா என்னைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன். ஒருவரும் அவரிடம் குற்றம் சொல்லாததற்குக் காரணம், அந்தக் குற்றத்தையெல்லாம் என் பேரில் எழுதிக்கொண்டதுதான்.

முதலாவது பல் மருத்துவர். எனக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூட வேனில் போகும்போது அவர் வாசலில் புதுப் பலகையைப் பார்த்தேன். "இங்கு வலியின்றிப் பல் பிடுங்கப்படும்" என்று இருக்க வேண்டியது, "இங்கு வழியின்றிப் பல் பிடுங்கப்படும்" என்று நிழல் வைத்து, மஞ்சள் கரை கட்டி, ஜொலித்துக்கொண்டு இருந்தது. மருத்துவர் கவனிக்கவில்லை. வந்தவர்கள் கவனித்தார்கள். நான் பார்க்கும்போதே ஓர் அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று படித்துவிட்டு, "நான் வழியில்லாமதான் வந்தேன், அதுக்காக இப்படிப் போர்டு போட்டா குத்திக் காட்டுவாங்க?" என்று திரும்பிப் போனார். இன்னும் நாலு பேர் திரும்பிப் போனால் மருத்துவர் காரணம் கேட்பார், காரணம் அப்பாவிடம் வரும். ஆகவே மறுநாள் மத்தியானம், அவர் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடும் நேரமாகப் பார்த்து, எங்கள் வீட்டு ஸ்டூலைப் போட்டு ஏறி, ழி-யைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. வாயில் சோற்றோடு நின்றார்.

"யாரும்மா நீ? என் போர்டுல ஏறி என்ன பண்றே?"

பயத்தில் எனக்கு உண்மைதான் வரும், அத்தை. "வழியை எடுத்துட்டு வலியைப் போடறேன் டாக்டர்" என்றேன்.

ஒரு பல் மருத்துவரிடம் சொல்லவே கூடாத வாக்கியம் அது. அவர் கத்தினார், நான் ஆடினேன், ஸ்டூல் ஆடியது, கறுப்புப் பெயிண்ட் டப்பா அவருடைய வெள்ளைக் கோட்டின் மேல் குப்புற விழுந்தது. அரை மணி நேரத்தில் காவல் நிலையத்தில் இருந்தேன். அங்கே பதிவேடு எழுதுகிற எழுத்தர் ஒருவர் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், கை ரொம்ப வேகம். "பல் மருத்துவருக்கு வலி உண்டாக்குவதாக மிரட்டினாள்" என்று எழுதிவிட்டார். பெரியவர்கள் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் எச்சரித்து விடுவதாகச் சொன்னார்கள். அப்பாவைக் கூப்பிட முடியுமா? எங்கள் பள்ளிக்கூட வேன்காரரைக் கூப்பிட்டேன்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?"

"சித்தப்பா சார்" என்றார் வேன்காரர். சட்டைப் பையில் 'ஓட்டுநர்' என்று தைத்திருந்தது, அதைக் கையால் மூடிக்கொண்டார்.

"அவங்கப்பா கூடப் பொறந்தவரா?"

"கூடத்தான் சார் பொறந்தேன். ஆனா வேற வீட்ல."

எழுத்தர் அதையும் எழுதினார். வெளியே வந்ததும் வேன்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இனிமே எவனாவது போர்டுல என்னத்தையாவது எழுதி வச்சிருந்தான்னா கண்ணை மூடிக்கோ. புரியுதா?" என்றார். மூடினேன். ஆறு மாதம் வேனில் கண்ணை மூடிக்கொண்டே போனேன். தூங்குமூஞ்சி என்று பேர் வந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது, பெண்கள் அழகு நிலையம். அப்பா அதை "பெண்கள் அலகு நிலையம்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். அலகு என்றால் பறவை மூக்கு. அது ஒன்றுதான் என்றால்கூட நான் கண்ணை மூடியிருப்பேன். ஆனால் அந்தக் கடைக்கார அக்காவுக்கு, நான் குறையாகச் சொல்லவில்லை, மூக்கு கொஞ்சம் தாராளம். அவர் வருவதற்கு முன்னால் அது வந்து கதவைத் திறக்கும். இரண்டு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வாடிக்கைக்கு வந்த ஒரு பெண்ணின் குழந்தை வாசலில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "அம்மா, இங்க கிளிக்குக்கூட முடி வெட்டுவாங்களா?" என்று கேட்டுவிட்டது. அக்கா வெளியே வந்து, பலகையை அண்ணாந்து பார்த்து, யாரோ வேண்டுமென்றே தன் மூக்கைக் கேலி பண்ண வந்து எழுத்தை மாற்றிவிட்டதாக முடிவு கட்டி, ஆளைப் பிடிக்காமல் விடமாட்டேன் என்று தெருவெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டார். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நான் போனேன். ல-வைச் சுரண்டியாகிவிட்டது, ழ-வைப் போடவில்லை, "பெண்கள் அ கு நிலையம்" என்று நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கை என் சடையைப் பிடித்தது.

"நீதானாடி அது? என் மூக்கைப் பார்த்தா உனக்கு அலகு மாதிரியா இருக்கு?"

"ஐயோ இல்லக்கா. அதை அழகாக்கத்தான் வந்தேன்" என்றேன்.

பதிவேட்டில் "மூக்கு தொடர்பாக அவதூறு" என்று இருக்கிறது. வேன்காரர் மறுபடியும் சித்தப்பா ஆனார். எழுத்தர் அவரைப் பார்த்து, "உங்கண்ணன் வரவே மாட்டாரா?" என்று கேட்டதற்கு, "அவருக்கு மனசு சரியில்ல சார். இந்தப் பொண்ணாலதான்" என்றார். அது நடிப்பா, நிஜமாகவே எரிச்சலா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை, அன்றைக்கு அவர்கள் என்னைத் திட்டியதெல்லாம் தண்டனையே இல்லை. வேன்காரர் வரும்வரை ஒரு பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்களே, அதுதான் தண்டனை. பெஞ்சுக்கு நேர் எதிரே, அந்த வாரம்தான் மாட்டிய புதுப் பலகை. நீல எழுத்து, வெள்ளை நிழல், பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. "மக்கள் குரை கேட்கும் அறை". குறை இல்லை அத்தை, குரை. மக்கள் வரிசையில் நின்று உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம்.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். நான்காவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நிலையத்தில் போலீஸ்காரர்கள் எல்லோரும் ஏதோ ஊர்வலத்துக்குக் காவலுக்குப் போயிருந்தார்கள். எழுத்தர் மட்டும் மேசையில் தலை வைத்து மோவாய் நனையத் தூங்கினார், குறை சொல்ல வந்த நாலைந்து பேரும் உள்ளே பெஞ்சில் தூங்கிவிட்டார்கள். அங்கேயே திருத்தினால் பெயிண்ட் வாசனைக்கு எழுந்துவிடுவார் என்று, பலகையை ஆணியிலிருந்து கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் ஒழுங்காகத் திருத்தி, காயவைத்து, சாயங்காலத்துக்குள் திரும்ப மாட்டிவிடலாம் என்று கிளம்பினேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

"என்னம்மா அது கையில?"

"போர்டு சார்."

"யார் போர்டு?"

"உங்க போர்டு சார்."

"எங்க எடுத்துட்டுப் போறே?"

"எங்க வீட்டுக்கு சார்."

இதைவிடச் சுத்தமான ஒப்புதல் வாக்குமூலம் உங்கள் தொழிலில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அழுதுகொண்டே விளக்கினேன். "சார், குரைன்னா நாய் குரைக்கிறது சார். மக்கள் குரை கேக்கும் அறைன்னா, ஜனங்க வந்து குரைக்கிறதை நீங்க உக்காந்து கேக்கறீங்கன்னு அர்த்தம் சார்." இன்ஸ்பெக்டர் பலகையை வாங்கிப் படித்தார். உள்ளே பெஞ்சில் காத்திருந்த அந்த நாலைந்து பேரைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"அப்போ சரியாத்தானே இருக்கு?" என்றார்.

அதன் பிறகு எழுத்தரை எழுப்பினார்கள். நான் "திருத்தினேன்" என்று சொல்லச் சொல்ல, அவர் "திருடினாள்" என்று எழுதினார். மேசையில் எட்டிப் பார்த்துக் கத்தியேவிட்டேன். "சார், அங்க 'டி' இல்ல சார், 'த்தி'! ஒரே ஒரு எழுத்து சார், மாத்திடுங்க சார்!" அவர் பேனாவை மூடினார். "பதிவேட்டுல அடிச்சுத் திருத்தினா அது குத்தம்மா. உள்ள போட்டுருவாங்க" என்றார். என் வாழ்க்கையில் கண்ணுக்கு முன்னால் இருந்தும் திருத்த முடியாமல் விட்டு வந்த பிழை அது ஒன்றுதான், அதுவும் என் பெயருக்கு நேராக. வேன்காரர் மூன்றாவது தடவையாகக் கையெழுத்துப் போட்டார். வேனில் ஏறியதும், "ஒரு எழுத்துக்குத் திருடியாயிட்டியே பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

இந்த மூன்றும்தான் பதிவேட்டில் இருப்பவை. இல்லாதது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தனியாகத் தொழில் தொடங்கியபோது அப்பா ஆசையாக எழுதிக் கொடுத்த பலகையில் உங்கள் பெயருக்குக் கீழே "வலக்கறிஞர்" என்று இருந்தது. நீங்கள் வலது பக்கத்து வழக்குகளை மட்டும் எடுத்து நடத்துவீர்கள் போலிருந்தது. எனக்குப் பதினொரு வயது. நீங்கள் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று திருத்தினேன். உங்கள் பலகையில் ழ மட்டும் ஏன் கர்ப்பிணி மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டீர்களே, அது என் கைவேலை. மன்னித்துக்கொள்ளுங்கள், அப்போது எனக்கு வளைவு பழகவில்லை.

இப்போது பழகிவிட்டது. மூன்றாவது சம்பவத்துக்குப் பிறகு நான் வெளியே எந்தப் பலகையையும் தொடவில்லை. வீட்டை விட்டுப் போவதற்கு முன்பே திருத்திவிடுகிறேன். அப்பா எழுதி முடித்ததும் பலகையை முன்னறையில் சாய்த்துவைத்து, "காலைல வரைக்கும் காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவார். என் அதிர்ஷ்டம், அப்பாவுக்கு ஞாபகமறதி. பெரிய பிரஷ்ஷையெல்லாம் கழுவி வைப்பவர், மெல்லிய பிரஷ்ஷை மட்டும் மறந்து பெயிண்ட் பக்கத்திலேயே விட்டுவிடுவார். மூடியைக்கூடச் சரியாக மூடமாட்டார்.

இன்றைக்கு அங்கே காய்ந்துகொண்டிருப்பது என்ன தெரியுமா? இந்த ஊர் வழக்கறிஞர் சங்கத்தின் பலகை. உங்கள் இனத்தவர்கள். காலையில் எடுத்துப்போக வருகிறார்கள். "நீதி கிடைக்கும் வரை போராடுவோம்" என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். அப்பா "நிதி கிடைக்கும் வரை போராடுவோம்" என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் இதைத் தொடமாட்டேன். சட்டம் படிக்கப் போகிறவள் வழக்கறிஞர்கள் பலகையில் கைவைத்து மாட்டினால் என்ன ஆகும்? இதோ, டார்ச் விளக்கின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறேன். இனி யார் எழுத்திலும் கைவைக்க மாட்டேன். நிதி கிடைக்கும் வரை போராடட்டும். பார்க்கிறவர்கள் அதில் பிழை இருப்பதாக நினைப்பார்களா என்பதும் சந்தேகம்தான்.

இனி என் கோரிக்கை. "இல்லை" என்று எழுதினால், பொய் சொல்லிவிட்டுச் சட்டம் படிக்க உட்காருவேன், ஒவ்வொரு தடவை வகுப்புக் கதவு திறக்கும்போதும் எழுத்தர்தான் பதிவேட்டோடு வருகிறார் என்று நினைப்பேன். "ஆம்" என்று எழுதினால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். எழுத்துக்கூட்டிப் படிப்பார். பல் மருத்துவர், மூக்கு, குரை என்று ஒவ்வொரு பலகையாக அவர் தலையில் வந்து விழும். இருபது வருஷம் ஊர் சிரித்திருக்கிறது என்று தெரியும். அதற்கப்புறம் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்ன கேட்பார்? அதை என்னால் பார்க்க முடியாது, அத்தை. சட்டக் கல்லூரியே வேண்டாம் என்றுகூட நினைத்துவிட்டேன். இன்றைக்குச் சாப்பிடும்போதே, "பாப்பா, அத்தை அனுப்புன ஃபாரத்துல என் கையெழுத்து எங்கயும் கேக்கலியா?" என்றார். "கேக்கலப்பா" என்றேன். "கேக்காம இருக்க மாட்டாங்களே" என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார்.

ஆகவே பதினான்காவது கேள்வியை வெறுமையாக விட்டு அனுப்புகிறேன். ஆமுக்கும் இல்லைக்கும் நடுவில் சட்டத்தில் ஏதாவது சந்து இருந்தால் அதில் என்னை நுழைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்களே "ஆம்" என்று எழுதி, அப்பா மாதிரி கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஒரு வழக்கறிஞரிடம் இப்படிக் கேட்கலாமா என்று தெரியவில்லை. மற்ற குற்றங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்குகள் எல்லாம் வாய்தா வாங்காமல் முடியவும், எதிர்க்கட்சி வக்கீல்களுக்குத் தொண்டை கட்டவும் வேண்டிக்கொள்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம். இதை அவருக்குப் படித்துக் காட்டவேண்டாம், சிரித்துச் சிரித்து ஊருக்கே சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
முன்னறையில் பலகை காயும் வரை தூக்கம் வராத
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: அம்மா என் அறையைப் பெருக்குவது சோதனை போடுவது மாதிரி இருக்கும் என்பதால், விண்ணப்பத்தை முன்னறையில் பழைய பலகை அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். உறையில் போடுவதற்காக இப்போது எடுக்கப் போனேன். அங்கே இல்லை. வழக்கறிஞர் சங்கப் பலகைக்கு முன்னால், ஸ்டூலின் மேல் வைத்திருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, மூடி திறந்து. டப்பாவின் மேல் குறுக்காக மெல்லிய பிரஷ். மறந்துபோய் விட்ட பிரஷ் மாதிரி தெரியவில்லை.

பதினான்காவது கேள்வியில் "ஆம்" என்பதற்கு நேரே ஒரு குறி போட்டிருந்தது, நிழல் வைத்து. அதன் கீழே விவரம் கேட்ட இடத்தில், எந்தக் கடைக்கும் எழுதாத அழகில், அப்பாவின் எழுத்து: "என் மகள் திருடவில்லை. என் எழுத்தைத் திருத்தினாள். பிலை எல்லாம் என்னுடையது." கீழே கையெழுத்து. பக்கத்தில் கிடந்த அட்டைத் துண்டில் சாக்குக்கட்டியால் "திருத்தினாள், திருத்தினாள், திருத்தினாள்" என்று நாலு வரிக்கு எழுதிப் பழகியிருக்கிறார். அந்த எழுத்து வித்தியாசம் வேன்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மேலே எழுதியதில் கோரிக்கையையும் சத்தியத்தையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தில் அடித்தல் திருத்தல் செல்லும். பிரஷ்ஷை எடுத்து நி-க்கு மேலே ஒரு சுழி போட்டேன். வழக்கறிஞர்கள் நாளை முதல் நீதி கிடைக்கும் வரைதான் போராட வேண்டியிருக்கும், சங்கத்தில் சொல்லிவிடுங்கள். பிறகு அதே பிரஷ்ஷோடு விண்ணப்பத்தின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "பிலை" என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அடித்தல் திருத்தல் கூடாது என்று கீழே அச்சடித்திருந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன், அத்தை.